பேச்சியம்மாள் என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள்

1

தைப்பிங்கில் மழை பெய்கிறது என்று எழுதினால் அது ஒரு செய்தியே அல்ல. இங்கே மத்தியானம் சாய்ந்தால் மழை வரும். கொடியில் துணியைப் போடுவதும் ஓடிப்போய் எடுப்பதுமாகவே என் காலம் போகிறது. உடன்குடிக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் காட்டில், நாலு தூறல் விழுந்தால் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று பார்க்கிற ஊரில் பிறந்தவள் நான். எனக்குத்தான் இந்த ஊர் வாய்த்தது.

சண்டை காரணமாகக் கப்பல்கள் ஒழுங்காக வருவதில்லை. உங்கள் பத்திரிகை மூன்று மாதத்துக்கானது ஒரே கட்டாக வந்து சேர்ந்தது. அதில் வெளிநாட்டில் இருக்கிற நம் ஜனங்கள் தங்கள் அனுபவங்களை எழுதலாம் என்று கண்டிருந்தது. நாங்கள் இங்கே வந்து இந்த ஆவணியோடு பத்து வருஷம் நிறைகிறது. அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை நடந்த ஒரு காரியம் இருக்கிறது. அதை எழுதாமல் வேறெதையும் எழுத எனக்குக் கை ஓடவில்லை.

முதலில் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். என் பெயர் அன்னபாக்கியம். ஊரில் எல்லாருக்கும் அன்னம். இங்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனபோது, கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டு "மிஸஸ் சாமுவேல்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் பின்னால் வந்த சீனத்தி, மலாய்க்காரி எல்லாரும் மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். சாமுவேல் என்பது என் வீட்டுக்காரர் பெயர். அதை நானே வாய்விட்டுச் சொன்னது கிடையாது. அந்தப் பெயரால் என்னை ஒருவர் கூப்பிடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஆஸ்பத்திரியைப் பூட்டுகிற நேரத்துக்கு அவரே தேடிக்கொண்டு வந்தார். அந்தக் கதையை இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் ரயில்வேயில் சாமான் கட்டுகிற கொட்டகையில் கிராணி. குமாஸ்தாவை இங்கே கிராணி என்கிறார்கள். எங்களுக்கு ஒரே மகள், கிரேஸ். இங்கேயே பிறந்தவள், ஒன்பது வயது முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மலாய் பேசுவாள், சிறு பிள்ளைகள் வகுப்பில் படித்த இங்கிலீஷ் பேசுவாள், காய்கறிக்காரனோடு சீனத்தில் விலை பேசுவாள். தமிழ் கடைசியாகத்தான் வரும். போன வருஷம் எங்கள் சபைக் குரு வீட்டுக்கு வந்து போனதை அவள் தன் அப்பாவிடம், "ஐயர் வந்துச்சு, உக்காந்துச்சு, காப்பி குடிச்சுச்சு" என்று சொன்னாள். ஊரில் மாட்டைக்கூட நாங்கள் இதைவிட மரியாதையாகச் சொல்வோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

2

இங்கே தைப்பிங்கில் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ஹைஸ்கூல் ஒன்று இருக்கிறது. சர்க்கார் உதவி பெறுவது. சம்பளம் கட்டுகிறவர்கள் ஒரு வழியாகச் சேரலாம். கட்ட முடியாதவர்களுக்கு வருஷா வருஷம் சில இடங்கள் இலவசமாக உண்டு. அதற்குப் பரீட்சை வைப்பார்கள். இந்த வருஷம் அந்த இடங்களைச் சீனப் பிள்ளைகளுக்கு இத்தனை, மலாய்ப் பிள்ளைகளுக்கு இத்தனை, கலப்பு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இத்தனை என்று பிரித்துவிட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்று.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. "மார்க்கு எடுத்த பிள்ளைக்கு இடம்னு விட்டுட்டுப் போகாம இது என்ன கல்யாண வீட்டுப் பந்தியா, சாதிக்கு ஒரு இலை போட?" என்றார். அவர் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். பரீட்சை என்றால் அவருக்குத் தராசு. இந்தத் தட்டு கீழே போனால் அந்தத் தட்டு மேலே.

"தராசில் என்ன போட்டு நிறுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?" என்றேன்.

"நீ உன் பனைக் கதையை ஆரம்பிக்காதே" என்றார்.

அவர் ஆரம்பிக்காதே என்ற கதையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஒன்று. இந்த இடம் கிரேஸுக்குக் கிடைத்தால் மேல்படிப்பு. கிடைக்காவிட்டால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை, அதற்கப்புறம் வீட்டில் நான் சொல்லிக்கொடுப்பது. அடுத்த வருஷம் என்றால் வயது தாண்டிவிடும். சம்பளம் கட்ட எங்களால் ஆகாது. ஆகையால் இந்த ஒரு பரீட்சைதான் இருந்தது. மூன்று மாதம் அவளை உட்கார வைத்துக் கணக்குப் போட வைத்தேன். அவள் அழுதாள், நான் அதட்டினேன், மறுபடியும் போட்டாள்.

3

எங்கள் அப்பா பனையேறி. அம்மா பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பாள். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைதான் உண்டு. பாளையங்கோட்டையில் பெண்கள் ஹைஸ்கூலும் அதோடு விடுதியும் இருந்தன. அதில் இடம் கிடைக்கப் பரீட்சை எழுத வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து அதுவரை ஒரு பிள்ளையும் போனதில்லை. என் பத்தாவது வயதில் எங்கள் சபைக் குருவின் மனைவி, ஐயரம்மா என்போம், தேரிப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். அம்மா எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே, "ஏட்டி, கணக்கு கேட்டாவன்னா பைய யோசிச்சுச் சொல்லு. முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாத" என்றாள்.

ஏரலில்தான் முதல் முதலாக ஆற்றைப் பார்த்தேன். ஒருவரும் இறைக்காமல் தண்ணீர் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறம் வழி நெடுகப் பச்சை. இது என்ன புல் என்று ஐயரம்மாவைக் கேட்டேன்.

"அடி போக்கத்தவளே, இதுதான் நெல்லு. கிறிஸ்மஸுக்குச் சோறு திங்குதியே, அது இதுலருந்துதான் வருது" என்றார்கள்.

பரீட்சை நடந்தது ஒரு பெரிய கூடத்தில். இருபது பிள்ளைகள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம். எட்டு இடம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் குருமார், உபாத்திமார், சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்கள் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய அம்மாமார் ஜன்னல்களுக்கு வெளியே நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் பெயர் ரூத். வெளுத்த பாவாடை, சிவப்பு ரிப்பன். அவளிடம் சோப்பு வாசனை அடித்தது.

வாசிப்பும் எழுத்தும் முடிந்து மனக்கணக்கு வந்தது. இடத்தைத் தீர்மானிக்கிறது அதுதான். உபாத்தியாயினி எழுந்து, "மூன்று கோட்டை நெல்லை ஏழு பேர் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை மரக்கால்?" என்று கேட்டார்கள்.

ஏழால் வகுக்க எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் கோட்டைக்கு எத்தனை மரக்கால் என்று யார் கண்டது? எங்கள் வீட்டில் மரக்கால் கிடையாது. அரிசி எப்போதாவது படிக்கணக்கில் வரும். சுற்றிலும் சிலேட்டுக் குச்சிகள் கீச்சிட்டன. தேரிப் பிள்ளைகள் மூன்று பேர் சிலேட்டும் கழுவி வைத்த மாதிரி இருந்தது. அடுத்த கணக்கு வரப்புக் கணக்கு, அதற்கடுத்தது விளைச்சலில் வாரம் பிரிக்கிற கணக்கு. எல்லாம் நெல்.

ரூத் எழுதி முடித்துவிட்டு என் சிலேட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்து, கண்ணாலும் மோவாயாலும் என் பக்கம் ஏதோ ஜாடை காட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஜாடையை நான் மறந்ததே இல்லை.

அப்போது அந்த அம்மாள் கூடத்துக்குள் வந்தார்கள். வெள்ளைச் சேலை, கச்சேரிக் குமாஸ்தா வீட்டு அம்மாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பரீட்சை நடக்கிற இடத்துக்குள் யாரும் வரக் கூடாது. வந்து, மேஜையருகே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார மிஸியம்மாளிடம், "மிஸியம்மா, ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைக ஊர்ல நெல்லு கிடையாது. கணக்கு தெரியாம முழிக்கல. மரக்கால் தெரியாம முழிக்கு" என்றார்கள்.

வெளியே நின்ற தலைப்பாகைக்காரர் ஒருவர், யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார். "அது எப்படி? ஆளுக்கு ஒரு பரீட்சையா? இன்னைக்குப் பனைக் கணக்கு கேப்பீங்க. நாளைக்கு மணப்பாட்டுப் பிள்ளை வந்து மீன் கணக்கு கேளுங்கன்னா கேப்பீங்களா?"

மிஸியம்மாள் வேதபுஸ்தகத் தமிழ்தான் பேசுவார்கள். "கேட்போம் ஐயா. யாவரிடத்திலும் யாவற்றையும் கேட்போம்" என்றார்கள். நெல் கணக்குகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டார்கள். ஐயரம்மாவைக் கூப்பிட்டு ஏதோ விசாரித்துவிட்டு, உபாத்தியாயினியை ஒரு பனைக் கணக்கு கேட்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் எல்லாருக்கும் தெரிந்த சாமான்களில் நாலு கணக்கு.

"பன்னிரண்டு பனை ஏறுகிறவர் ஒரு நாளில் எத்தனை தரம் மரம் ஏறுவார்?"

பாளையங்கோட்டைப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இது ஒரு கணக்கா என்று எல்லாரும் பன்னிரண்டு என்று எழுதினார்கள். நாங்கள் மூன்று பேரும் இருபத்துநாலு என்று எழுதினோம். காலையில் பதநீர் இறக்க ஒரு தரம், சாயங்காலம் பாளை சீவ ஒரு தரம். எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் அது தெரியும். ரூத்தும் பன்னிரண்டுதான் எழுதியிருந்தாள். அவள் அம்மா அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மிச்சக் கணக்குகள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் எட்டுப் பெயர் வாசித்தார்கள். எட்டாவது என் பெயர். ரூத்தின் பெயர் இல்லை. அந்த அம்மாள் உள்ளே வந்து பேசாமல் இருந்திருந்தால் அந்த இடம் அவளுடையது. சின்னப் பிள்ளையான எனக்கே அது தெரிந்தது.

போகும்போது அவர்கள் ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார்கள். என் தலையில் கை வைத்தார்கள்.

"நல்லாப் படி, என்ன? எங்க அப்பாவும் ரெண்டு வேளைதான் ஏறுவாவ" என்றார்கள்.

அப்போதுதான் அவர்களும் எங்கள் பக்கத்துப் பிறப்பு என்று தெரிந்தது. தன் மகளுக்கு அதைச் சொல்லி வளர்க்கவில்லை போலும். பிறகு அவர்களை நான் பார்க்கவே இல்லை. அவர்கள் பெயர்கூடத் தெரியாது. எனக்கு அவர்கள் ரூத்தின் அம்மா, அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் இருந்தேன். உபாத்தியாயினிப் பரீட்சையும் தேறினேன். நீங்கள் இப்போது வாசிக்கிற இந்த எழுத்து, அந்த இடத்தில் உட்கார்ந்து படித்த எழுத்து. நான் ஜெபம் பண்ணும்போதெல்லாம் ரூத்தின் அம்மாவுக்காக ஒரு வார்த்தை சொல்லுவேன். நல்ல மனசு படைத்த ஒரு அம்மாள் என்று நினைத்து நன்றி சொல்லுவேன். அதற்கு மேல் யோசித்தது கிடையாது, போன செவ்வாய்க்கிழமை வரையில்.

4

செவ்வாய்க்கிழமை காலையிலேயே மழை. பரீட்சைக்கு வந்த பிள்ளைகளின் அம்மாமார் எல்லாம் வராந்தாவில் நின்றோம். சீனத்திகள் ஒரு பக்கம், மலாய்க்காரிகள் ஒரு பக்கம். தமிழ் இடத்துக்கு இரண்டே பிள்ளைகள்தான் என்று முன்னமே தெரியும். ஒன்று கிரேஸ். இன்னொன்று ஏதோ ரப்பர் தோட்டத்துப் பிள்ளை.

நனைந்த சேலையும் வெறுங்காலுமாக ஒருத்தி, பெண்பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஒதுங்கினாள்.

"இங்கன நிக்கலாமாம்மா?" என்றாள்.

அந்த 'இங்கன' என் காதில் விழுந்து எத்தனை காலம். "உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"ஏரலுக்குப் பக்கத்துலம்மா. ஊர்ல நடவு நட்டோம். இங்க பால் வெட்டுதோம். பேரு மாடத்தி."

மரக்கால் மரக்காலாக நெல்லை அளந்து பிறருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய ஜனம். எனக்கு அவளிடம் பேசிக்கொண்டே இருக்கலாம் போல் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற தமிழ் டிரஸ்ஸர் அண்ணாச்சி ஒருவர் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாராம். இவளுடைய கணக்கைப் பார்த்துவிட்டு அவரே மனுப்போட்டுத் தோட்டத்துத் துரையிடம் கையெழுத்தும் வாங்கினாராம்.

"பிள்ளை பேரென்ன?" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ராசாத்தின்னுதான் கூப்பிடுதோம். நெசப் பேரு எங்க மாமியா பேரு. நான் வாயால சொல்லப்படாதுல்லா?"

"உன் வீட்டுக்காரர் சொல்லுவாரே?"

"அவுகளும் பெத்த தாய் பேரைச் சொல்லி எப்படிம்மா பிள்ளைய அதட்டுவாக? பிறந்த அன்னைக்குத் தோட்டத்துக் கிராணிகிட்டச் சொல்லி எழுதுனதுதான். அதுக்கப்புறம் யாரும் அந்தப் பேரை எடுக்கல. மனுவுலயும் டிரஸ்ஸர் அண்ணாச்சி அந்த ஏட்டைப் பார்த்துத்தான் எழுதுனாக."

"சரி, அம்மன் பேரா?"

"அம்மன் பேருதான்."

"இசக்கியா?"

"அவ இல்ல, மத்தவ."

"பேச்சியா?"

மாடத்தி தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பெயர் சொல்லாமல் பெயர் சொல்லுகிற விளையாட்டை ஆடி எத்தனை வருஷம் ஆயிற்று. கிரேஸ் எங்களுக்கு நடுவில் நின்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசாத்தி தள்ளிப் போய்க் கூரைத் தண்ணீரில் கையை நீட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் பிள்ளைகள் உள்ளே போய் பெஞ்சியில் உட்கார்ந்தார்கள். கிரேஸும் ராசாத்தியும் பக்கத்தில் பக்கத்தில். அந்த நேரம் தோட்டத்து வண்டிக்காரன் வாசலில் நின்று மாட்டைத் திருப்பப்போவதாகச் சத்தம் போட்டான். "இந்தா, அவனைப் பிடிச்சு நிப்பாட்டிட்டு வாரேம்மா" என்று மாடத்தி மழையில் ஓடினாள்.

பெயர் கூப்பிட்டவர் யாழ்ப்பாணத்து உபாத்தியாயினி. தெளிவான தமிழ்க் குரல். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றார்கள். "கிரேஸ் சாமுவேல்" என்றதும் கிரேஸ் எழுந்து, பதில் சொல்லி, உட்கார்ந்தாள்.

"பேச்சியம்மாள்."

ராசாத்தி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேச்சியம்மாள்." இரண்டாம் தரம் கூப்பிட்டபோது அவள் கதவுப் பக்கம் திரும்பி, யாரோ வரப்போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கிரேஸும் திரும்பினாள். வராந்தாவில் என்னைத் தேடிப் பார்த்து, கண்ணை அகல விரித்து, புருவத்தை உயர்த்தினாள். போட்டிக்கு ஆள் வரவில்லை, இடம் நமக்குத்தான் என்கிறாள் என்று நினைத்தேன். என் பிள்ளைக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று ஒரு பக்கம் சுருக்கென்றது. மறு பக்கம், எனக்கும் அந்தச் சந்தோஷம்தான். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மழையைப் பார்த்தேன்.

"பேச்சியம்மாள்." மூன்றாம் தரம்.

மேஜையருகே உட்கார்ந்திருந்த தலைமை உபாத்தியாயினி, பெரிய மிஸ் என்பார்கள், பேனாவை எடுத்தார்கள். வராத பிள்ளைக்குக் கோடு போட்டுவிடுவார்கள்; அது சட்டம். நான் வாயைத் திறக்கவில்லை. மாடத்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாசலில் வண்டிக்காரனோடு மல்லுக்கு நின்றாள். நான் பேசாமல் இருந்தால் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மாடத்திக்கும் தெரியாது. தன் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏறுவாள்.

வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் ஜன்னலோரத்திலிருந்து கூடத்துக்குள் நடந்து வந்தது நினைவுக்கு வந்தது. எத்தனை அடி தூரம் அது! அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

உள்ளே போனேன். "மன்னிக்க வேண்டும். பேச்சியம்மாள் இதோ இருக்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றினார்கள். தன் பெயருக்கு எழுந்திருக்கத் தெரியாத பிள்ளை எப்படிப் பரீட்சை எழுதும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கூட்டிச் சேர்த்து மாமியார் பெயர் விவகாரத்தை விளக்கினேன். பாதி வழியில் இங்கிலீஷ் தீர்ந்துபோயிற்று. யாழ்ப்பாணத்து உபாத்தியாயினிதான் கை கொடுத்தார். எங்கட ஊரிலும் அப்படித்தான் என்று மீதியை அவரே சொல்லிவிட்டு, ராசாத்தியிடம் குனிந்து, "உன்ர பெயர் பேச்சியம்மாளா?" என்று கேட்டார்.

"அது எங்க ஆச்சில்லா?" என்றாள் ராசாத்தி. "ஆச்சி ஊர்ல இருக்கா. இங்கன வரல."

இத்தனை நேரமும் ஆச்சி கடல் தாண்டி வந்துவிட்டாளோ என்றுதான் கதவைப் பார்த்திருக்கிறாள். பெரிய மிஸ் பேனாவை வைத்துவிட்டார்கள். என்னைப் பார்த்து, "உங்கள் மகளும் இதே இடத்துக்குத்தானே வந்திருக்கிறாள்?" என்று கேட்டார்கள்.

"ஆமாம்" என்றேன்.

5

பரீட்சை முடிந்து அன்றைக்கே முடிவைச் சொன்னார்கள். இடம் ராசாத்திக்குக் கிடைத்தது. கிரேஸும் நன்றாகவே எழுதினாள். இரண்டு இடம் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் கொடுத்திருப்போம் என்று பெரிய மிஸ் வந்து சொன்னார்கள். அது மரியாதைக்குச் சொன்னதல்ல என்று எனக்குத் தெரியும். 

வண்டிக்காரன் கிளம்பிவிடாதபடி அதுவரை வாசலிலேயே காவல் நின்ற மாடத்தி தெப்பமாக நனைந்து வந்து, "கூப்பிட்டாகளாம்மா?" என்றாள்.

"கூப்பிட்டாங்க. கிடைச்சிட்டு" என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.  பிறகு, "உங்க பிள்ளைக்கும் கிடைச்சிட்டுல்லா?" என்று கேட்டாள்.

"அவ வீட்டுல படிப்பா" என்றேன். அவள் முகம் மாறுவதற்குள் கிரேஸை இழுத்துக்கொண்டு ரிக்ஷாவில் ஏறிவிட்டேன்.

 ரிக்ஷாவின் மெழுகுத் துணி மறைப்பில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. பாளையங்கோட்டையில் அன்றைக்கு ரூத்தும் அவள் அம்மாவும் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார்கள். வழியில் மகளிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? உன் இடத்தை நான்தான் எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்லியிருப்பார்கள்? எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷமும் நான் நன்றி சொன்னது கூடத்தில் பேசிய அந்தப் பேச்சுக்கு. அது சுலபம். வீட்டுக்குப் போகிற வழிதான் கஷ்டம். அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "மிஸஸ் சாமுவேல்னு கூப்பிட்டப்போ உனக்கு எவளாவது வந்து சொன்னாளா?" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க வந்து தேட வேண்டியிருந்திருக்காதே" என்றேன்.

அவர் சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. சாப்பாட்டில் கிரேஸுக்குப் பொரித்த மீனைத் தன் தட்டிலிருந்து எடுத்து வைத்தார். அவரால் ஆனது அதுதான்.

நான் கிரேஸிடம் ரூத்தின் கதையைச் சொன்னேன். பனைக் கணக்கைச் சொன்னேன், எட்டாவது பெயரைச் சொன்னேன். நான் செய்தது சரி என்று அவள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன். எனக்கே தெரிந்தது, அவளிடம் கெஞ்சுகிறேன் என்று.

அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டே, "எனக்கும் தெரியும், மம்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவதான் பேச்சியம்மாள்னு. அவங்க அம்மா சொன்னதை நான் கேட்டேன். டீச்சர் கூப்பிட்டதும் நான் அவளைக் கையால இடிச்சேன். உன்னைத்தான், எந்திரின்னு சொன்னேன். மலாய்ல சொல்லிட்டேன். அவளுக்குப் புரியல."

"தமிழ்ல சொல்லியிருக்கலாமே?"

"அவசரத்துல தமிழ் வரல, மம்மா." அவள் கண் நிரம்பிவிட்டது. "அப்புறம் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்க சொல்லுங்கன்னு கண்ணைக் காட்டினேன். நீங்க மழையைப் பார்த்துட்டிருந்தீங்க."

6

இதை எழுதும்போது அடுத்த வீட்டில் கிரேஸ் மலாயில் கத்தி விளையாடுகிற சத்தம் கேட்கிறது. தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவள்தான் கேட்டாள். ஐயர் இப்போது 'வந்தாங்க'. அந்த மட்டுக்கு முன்னேற்றம். இங்கிலீஷும் கணக்கும் நான் கற்றது எல்லாம் அவளுக்கு உண்டு. ஹைஸ்கூல் இல்லை. அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஆனாலும் இந்த வாரம் முழுவதும் நான் நன்றி சொல்லிக்கொண்டே வேலை செய்கிறேன். துணி எடுக்கும்போது சொல்லுகிறேன், அரிசி களையும்போது சொல்லுகிறேன். என் பிள்ளை ஒன்றும் தூரமாகப் போய்விடவில்லை. பாஷைதான் போயிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். இந்தப் பத்திரிகை பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வீடு போகிறது. ரூத் எங்கே இருக்கிறாள், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று எனக்குத் தெரியாது. யார் கண்ணிலாவது இது பட்டால் அவளுக்குக் காட்டுங்கள்.

ரூத், நீ என் சிலேட்டைப் பார்த்தாய். ஜன்னல் பக்கம் திரும்பி உன் அம்மாவுக்கு ஜாடை காட்டினாய். என்னைக் கேலி பண்ணுகிறாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீ காட்டிய பிறகுதான் உன் அம்மா உள்ளே வந்தார்கள்.

உன் அம்மா மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அவர்கள் உன்னைப் பார்த்தார்கள்.